பல்லி தோஷமும் ஒரு ரூபாய் டயோடும்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பகல் வேளையில் நடந்து பார்த்திருக்கிறீர்களா? தெருவில் ஆள் குறைவு. சத்தம் ஜாஸ்தி. வீட்டுக்கு வீடு தறி. டடக்... டடக்... என்று ஒரு தாளம். அந்தத் தாளத்தின் நடுவே இருக்கிறது என் பழைய ஆபீஸ் நண்பர் வீடு. ரிடையர் ஆன மறுமாதமே சென்னைக்குக் கும்பிடு போட்டுவிட்டு சொந்த ஊருக்குத் திரும்பிய புண்ணியவான். அவர் தம்பி இன்னும் நெய்கிறார். அவர் மகன் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். அவர் அம்மாவுக்கு எண்பதைத் தொடும் வயது.

வரதராஜப் பெருமாளைச் சேவிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். (பெருமாளுக்கும் எனக்கும் நடுவில் மிளகு, சுக்கு போட்ட காஞ்சிபுரம் இட்லி ஒன்று உண்டு. அது வேறு விஷயம்.)

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாட்டி பிடித்துக்கொண்டார்.

"வா தம்பி. நீ கரண்ட்டு வேலையெல்லாம் தெரிஞ்சவன்தானே? இந்தப் பயலோட பெட்டி மேல பல்லி விழுந்துடுச்சு. அன்னையிலேருந்து வெளங்கல. கோயிலுக்குப் போய் தங்கப் பல்லியைத் தொட்டுட்டு வாடான்னா கேக்க மாட்டேங்கறான்."

பல்லி விழுந்தால் தோஷம், வரதராஜர் கோயில் விதானத்தில் இருக்கும் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லியைத் தொட்டால் தோஷம் போச்சு என்பது நம்பிக்கை. மனுஷன் மேல் விழுந்தால் சரி. எலெக்ட்ரானிக்ஸ் மேல் விழுந்தால் எந்தப் பல்லியைத் தொடுவது?

உள்ளே பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே ஒரு மோட்டார், ஒரு பிரெட்போர்டு, நூடுல்ஸ் மாதிரி ஒயர்கள். பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு ஆர்டுயினோ போர்டுகள் அமைதியாகக் கிடந்தன. பிரேதங்கள்.

"பல்லியெல்லாம் இல்ல மாமா. ரெண்டு போர்டு செத்துப் போச்சு. மூணாவது உசிரோட இருக்கு, ஆனா பைத்தியம் பிடிச்சிருக்கு."

* * *

பையன் செய்ய முயன்றது நல்ல காரியம். நாடாவுக்குள் வைக்கிற ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றவேண்டும். அதற்குத் 'தார் சுற்றுவது' என்று பெயர். ஒரு கையால் ராட்டையைச் சுற்றி, மறு கையால் நூலைப் பிடித்து, நாள் முழுக்க. சேலையைப் பார்த்து ஆஹா என்கிறவர்கள் யாரும் தார் சுற்றுகிறவரைப் பார்ப்பதில்லை. பாட்டி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுற்றுகிறார். இப்போது வலது தோளைத் தூக்கினால் முகம் சுளிக்கிறார்.

அதனால் பையன் ஒரு 12 வோல்ட் மோட்டாரை வைத்து ராட்டை செய்தான். பொத்தானை அழுத்தினால் சுற்றும். ஆர்டுயினோ சுற்றுகளை எண்ணும். கணக்கு முடிந்ததும் நிறுத்திவிடும். பாட்டி நூலை விரலில் பிடித்துக்கொண்டால் போதும். காலேஜுக்கு ப்ராஜெக்ட், பாட்டிக்குத் தோள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஏகாம்பரநாதர் மாமரத்தில் அடித்த மாதிரி.

மாங்காய் விழவில்லை. போர்டு விழுந்தது.

பிரெட்போர்டு என்றால் தெரியாதவர்களுக்கு: அந்தக் காலத்து ரேடியோ பித்தர்கள் சமையலறையிலிருந்து ரொட்டி வெட்டும் பலகையைச் சுட்டுக்கொண்டு வந்து, அதில் ஆணி அடித்து, கம்பி சுற்றி சர்க்யூட் போட்டுப் பார்த்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைப்பது வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை. 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் வரிசையாக ஓட்டைகள். உள்ளே மெல்லிய கிளிப்புகள். சால்டரிங் கிடையாது, செருகினால் கனெக்‌ஷன், பிடுங்கினால் பிரிவு. கல்யாணத்துக்கு முந்தைய காதல் மாதிரி, எதுவும் நிரந்தரமில்லை. சோதித்துப் பார்க்க அற்புதமான சாமான். ஆனால் மோட்டாரின் முரட்டுத்தனத்தைத் தாங்குவதற்காகப் பிறந்ததல்ல.

* * *

முதலில் குற்றவாளியைப் பிடிப்போம். எல்லோரும் நினைப்பது, மோட்டார் ஓடும்போது போர்டைக் கெடுக்கிறது என்று. அப்படியில்லை. பெரிய அடி விழுவது மோட்டாரை நிறுத்தும்போது.

காஞ்சிபுரம் பஸ்ஸில் நின்றுகொண்டு போயிருக்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி பஸ் பறக்கிறது. குறுக்கே ஒரு மாடு. டிரைவர் பிரேக் போடுகிறார். பஸ் நின்றுவிட்டது. நீங்கள் நிற்கவில்லை. முன் சீட்டுக்காரர் மடியில் உட்கார்ந்துவிட்டீர்கள். காயிலுக்குள் ஓடும் கரண்ட்டும் அப்படித்தான். ஓட ஆரம்பித்துவிட்டால் சட்டென்று நிற்க மறுக்கும். காயிலைச் சுற்றியிருக்கும் காந்தப் புலத்தில் சக்தி சேர்ந்திருக்கிறது. ஸ்விட்சை ஆஃப் செய்தால் அந்த சக்தி எங்கே போகும்? வழி இல்லை. வழி இல்லாதபோது தானே வழி செய்துகொள்ளும். வோல்டேஜை எகிற வைத்து, எதிரே எது பலவீனமோ அதைக் குத்திக்கொண்டு போகும். எவ்வளவு சீக்கிரம் நிறுத்துகிறீர்களோ அவ்வளவு பெரிய குத்து.

நம்ப முடியவில்லை என்றால், கனமான சோக் வைத்த பழைய டியூப்லைட்டை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ட்டர் மினுக் மினுக் என்று கனெக்‌ஷனை அறுக்கும் ஒவ்வொரு முறையும், சோக் பல நூறு வோல்ட்டில் ஒரு உதை விடும். அந்த உதையில்தான் டியூப் எரிந்தது. பெட்ரோல் வண்டியின் இக்னிஷன் காயிலும் இதே கதை. 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு 20,000 வோல்ட்டுக்கு மேல் ஸ்பார்க் அடிக்கிறது. ஆக, இந்த உதை நமக்கு அந்நியமில்லை. வேண்டிய இடத்தில் வந்தால் விளக்கு. வேண்டாத இடத்தில் வந்தால் விளக்குமாறு.

இந்தக் குணத்தை முதலில் எழுதி வைத்தவர் ஜோசப் ஹென்றி என்கிற அமெரிக்க ஆசிரியர். நீளமான கம்பிச் சுருளில் இணைப்பைத் துண்டிக்கும்போது பொறி பறப்பதைக் கவனித்து 1832-ல் வெளியிட்டார். 1893-ல் அவர் பெயரையே அந்தக் குணத்துக்கு அளவையாக வைத்துவிட்டார்கள். இன்றும் காயிலை 'ஹென்றி' கணக்கில்தான் அளக்கிறோம். காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல்: ஹென்றி தன் மின்காந்தங்களைச் சுற்றியது பட்டுச் சுற்றிய கம்பியால். எனாமல் பூசிய கம்பி இல்லாத காலம். ஒரு சுற்று மறு சுற்றைத் தொடாமல் காத்தது பட்டுதான். அதற்காக மனைவியின் பட்டுப் பாவாடையையே கிழித்தார் என்றுகூட ஒரு கதை சொல்வார்கள். பிள்ளையார்பாளையத்தில் இருந்திருந்தால் மின்காந்தமும் இருந்திருக்காது, ஹென்றியும் இருந்திருக்க மாட்டார்.

* * *

இனி பிரேதப் பரிசோதனை.

முதல் போர்டு: மோட்டாரை நேராக ஆர்டுயினோ பின்னில் செருகியிருக்கிறான். அந்தப் பின்னின் அதிகபட்சத் தாங்குசக்தி 40 மில்லி ஆம்பியர். மோட்டார் கிளம்புகிற நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கேட்கும். கிளார்க்கிடம் போய் கஜானா சாவியைக் கேட்ட மாதிரி. பின் செத்தது.

இரண்டாவது போர்டு: சீனியர் ஒருவர் சொல்லி நடுவில் ஒரு டிஐபி122 டிரான்ஸிஸ்டர் போட்டான். நல்ல யோசனை. ஆர்டுயினோ சின்னதாகத் தலையாட்டினால் போதும், பெரிய கரண்ட்டை டிரான்ஸிஸ்டர் பார்த்துக்கொள்ளும். இரண்டு நாள் ஜோராக ஓடியது. பாட்டி ஒரு தார் முழுசாகச் சுற்றி, பேரனுக்குத் திருஷ்டி கழித்தார். மூன்றாம் நாள் காலை, மோட்டாரை நிறுத்திய நொடியில் போச்சு. அந்த டிரான்ஸிஸ்டர் தாங்குவது 100 வோல்ட். மோட்டார் தினமும் விட்ட உதைகளை வாங்கி வாங்கி உள்ளே உடைந்து, 12 வோல்ட்டை நேராக 5 வோல்ட் சிப்புக்குள் திறந்துவிட்டது. (பல்லி அன்று காலைதான் விழுந்ததாம். சந்தர்ப்ப சாட்சியம் வலுவாக இருந்ததால் பல்லிக்குத் தண்டனை.)

மூன்றாவது போர்டு: இதற்குள் டயோடு போடக் கற்றுக்கொண்டுவிட்டான். போர்டு சாகவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஒரு உதறு உதறும், ஆர்டுயினோ செத்துப் பிழைக்கும், முதலிலிருந்து ஆரம்பிக்கும், மறுபடி மோட்டாரைக் கிளப்பும், மறுபடி சாகும். விக்கல் வந்த மாதிரி. எப்போதாவது தப்பித்து ஓடினால் எண்ணிக்கை தப்பு. நானூறு சுற்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் காட்டியது. எங்கள் ஆபீஸ் டி.ஏ. பில் மாதிரி.

"எண்ணத் தெரியாத மெஷினுக்கு எதுக்குடா இவ்ளோ காசு? நான் விரலாலயே சொல்லிடுவேன் தார் நெறஞ்சுடுச்சுன்னு" என்றார் பாட்டி. பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

* * *

வைத்தியம் நாலே நாலு. எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பையன் ரோபோ செய்கிறேன் என்று கிளம்புவான்.

ஒன்று, உதைக்கு ஒரு வடிகால். மோட்டாரின் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே ஒரு டயோடு. 1என்4007 என்று கேட்டால் ஒன்று, ஒன்றரை ரூபாய்க்குத் தருவார்கள். நம்பரின் கடைசி மூன்று இலக்கத்தைக் கவனியுங்கள். 007. பெயருக்கேற்ற பாதுகாப்பு அதிகாரி. அதன் உடம்பில் வெள்ளிக் கோடு போட்ட பக்கம் பிளஸ் பக்கம் இருக்கவேண்டும். மோட்டார் ஓடும்போது அது சும்மா நிற்கும். நிறுத்தியதும் உதை தலைகீழாக வருமே, அப்போது கதவைத் திறந்து, 'சார், இப்படி வாங்க' என்று மோட்டாருக்குள்ளேயே சுற்றிவிட்டு ஆற வைக்கும். பையன் இதைக் காலேஜ் லேபில் ஆஸிலாஸ்கோப்பில் பார்த்திருக்கிறான். டயோடு இல்லாமல் நூறு வோல்ட் பக்கம் ஒரு முள். டயோடு போட்டதும் 12-க்கு மேல் முக்கால் வோல்ட் மாதிரி ஒரு சின்ன மேடு. அவ்வளவுதான். (சாதாரண மல்ட்டிமீட்டரில் இந்த முள் தெரியாது. அது முழிப்பதற்குள் முள் போய்விடும்.)

இரண்டு எச்சரிக்கை. டயோடைத் திருப்பிப் போட்டால் நேர் ஷார்ட். புகை வரும். இன்னொன்று, மோட்டார் முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் சுற்றவேண்டும் என்றால் இந்த ஒற்றை டயோடு உதவாது. ஒரு பக்கம் சுற்றும்போது அதுவே ஷார்ட் ஆகிவிடும். அப்போது நாலு டயோடு வேண்டும். எல்293டி மாதிரி சிப்பில் அவை உள்ளேயே இருக்கின்றன. கடைசியில் இருக்கும் 'டி'தான் டயோடு. அதை விட்டுவிட்டு வெறும் எல்293 வாங்கி வந்தால் டயோடை நாம்தான் வெளியே போடவேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்க நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஆன், ஆஃப் செய்கிறீர்களா? 007-க்கு அந்த வேகம் வராது. 1என்5819 மாதிரி ஷாட்கி டயோடு கேளுங்கள்.

இரண்டு, தனிக் குடித்தனம். ஒரே அடாப்டரில் மோட்டாரையும் போர்டையும் வைத்தால், மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் சரியும். ஆர்டுயினோ ஊனோவில் அது சுமார் 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனால் சிப் தன்னைத் தானே ரீசெட் செய்துகொள்ளும். அதுதான் விக்கல். மோட்டாருக்கு ஒரு அடாப்டர், போர்டுக்கு ஒரு செல்போன் சார்ஜர். விக்கல் நின்றது. ஆனால் இரண்டின் கிரவுண்டையும் ஓர் இடத்தில் சேர்க்கவேண்டும். இல்லாவிட்டால் போர்டு சொல்வது டிரான்ஸிஸ்டருக்குப் புரியாது.

"தனியா வைக்கணும்னு சொல்றீங்க, அப்புறம் சேக்கணும்னு சொல்றீங்க" என்று பையன் குழம்பினான். தறியில் இருந்த சித்தப்பா திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "கோர்வை மாதிரிடா."

அடடா! காஞ்சிபுரம் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. அரக்கு உடலில் பச்சைக் கரையின் நூல் நுழையாது. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் மட்டும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் கோர்வை விடாது என்பார்கள். மோட்டார் கரண்ட் மோட்டார் பக்கம், போர்டு கரண்ட் போர்டு பக்கம், சந்திப்பது ஒரே முனையில். எனக்கு முழுப் பக்கம் பிடித்திருக்கும். சித்தப்பாவுக்கு ஒரு வார்த்தை.

மூன்று, மோட்டார் கரண்ட் பிரெட்போர்டுக்குள் வரவே கூடாது. அந்த மெல்லிய கிளிப்புகள் தாங்குவது ஒரு ஆம்பியர் அளவில்தான். அதற்குள் மோட்டாரை அனுப்புவது கருட சேவை அன்று சந்துக்குள் லாரி விடுவதற்குச் சமம். தடித்த ஒயராகப் போட்டு, அடாப்டர், டிரான்ஸிஸ்டர், மோட்டார் மூன்றையும் ஸ்க்ரூ கனெக்டரில் நேராக முடுக்கிவிட வேண்டும். பிரெட்போர்டிலிருந்து டிரான்ஸிஸ்டருக்கு ஒரு கிலோ ஓம் ரெஸிஸ்டர் வழியாக ஒரே ஒரு சிக்னல் ஒயர். அதோடு உறவு முடிந்தது. 230 வோல்ட் மெயின்ஸோ, பிரெட்போர்டு இருக்கும் திசையிலேயே தலை வைத்துப் படுக்கக் கூடாது.

நான்கு, இரைச்சலுக்குக் கெப்பாஸிட்டர். மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசி ஓயாமல் சின்னச் சின்னப் பொறி பறக்கிறது. அந்தக் காலத்தில் பக்கத்து வீட்டில் மிக்ஸி போட்டால் நம் ரேடியோ கரகர என்றதே, அதே சமாசாரம். அந்தக் கரகரப்பையும் சுற்று என்று எண்ணித்தான் நானூறு ஆயிரமானது. மோட்டார் முனைகளிலேயே '104' என்று எழுதிய செராமிக் கெப்பாஸிட்டர் ஒன்று. போர்டின் சப்ளை பக்கம் இன்னொரு 104, கூடவே 470 மைக்ரோ ஃபாரட் எலெக்ட்ரோலிட்டிக் ஒன்று. வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி மாதிரி. தெருவில் தண்ணீர் ஒரு நிமிஷம் நின்றாலும் குழாயில் வந்துகொண்டிருக்கும். இதிலும் பிளஸ், மைனஸ் பார்க்கவேண்டும். மாற்றிப் போட்டால் தீபாவளி.

எல்லாம் சேர்த்து டயோடு, கெப்பாஸிட்டர், கனெக்டர் செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டாது. செத்த போர்டுகள் இரண்டும் ஆளுக்குச் சில நூறு.

* * *

இதெல்லாம் காலேஜ் பையன்கள் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். 1804-ல் பிரான்ஸில் ஜக்கார்டு என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளால் தறியில் டிசைன் போடும் மெஷினைச் செய்தார். அட்டையில் ஓட்டை இருந்தால் நூல் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. கம்ப்யூட்டருக்கே தாத்தா அதுதான். இன்றும் காஞ்சிபுரத்துத் தறிகளின் மேலே அந்த அட்டை மாலை தொங்குவதைப் பார்க்கலாம். இப்போது அட்டை இல்லாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்திருக்கிறது. அட்டை செய்த வேலையைப் பல மெஷின்களில் குட்டிக் குட்டி மின்காந்தங்கள் செய்கின்றன. ஜக்கார்டைக் காலால் மிதித்துத் தூக்கும் சிரமத்துக்குச் சின்ன மோட்டாரும் வந்துவிட்டது. மின்காந்தம் என்றால் காயில். காயில் என்றால் உதை. ஒவ்வொரு காயிலுக்கும் ஒரு வடிகால் இல்லாவிட்டால், லட்ச ரூபாய்ச் சேலையில் மாங்காய்ப் புட்டா வரவேண்டிய இடத்தில் வேறென்னவோ வரும்.

அன்று சாயங்காலம் நாலும் செய்து முடித்தோம். பையன் பொத்தானை அழுத்தினான். மோட்டார் கிளம்பியது. விக்கல் இல்லை. பாட்டி நூலைப் பிடித்தார். தார் சுற்றியது. நானூறு. நின்றது. எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு குச்சியை எடுத்து மாட்டினார். அதுதான் அந்த வீட்டில் பாஸ் மார்க்.

வலது தோளை அவர் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை என்பதைப் பையனும் பார்த்தான், நானும் பார்த்தேன். நாங்களும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். பாட்டி சமையலறையிலிருந்து ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து, ஒயர் போக ஓரத்தில் வழி விட்டு, பிரெட்போர்டின் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாட்டி இது?"

"நீங்க என்ன வேணாலும் மாட்டுங்க தம்பி. பல்லி விழாம இருக்கணுமில்ல?"

யோசித்தால், திறந்து கிடக்கிற சர்க்யூட் மேல் எது விழுந்தாலும் ஷார்ட்தான். ஜரிகைத் துணுக்கு பறக்கிற வீட்டில் கேட்கவே வேண்டாம். ஐந்தாவது வைத்தியத்தை நான் மறந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: மூடி வைக்கவும்.